முடி மாத்திரையும் அக்காவின் வேனும்

குடும்பத்தில் எல்லாரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ச்சலுக்குக்கூட மாத்திரை எழுதித் தர முடியாத டாக்டர் நான். ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாதவர்கள் ஹார்மோன் மாத்திரையைக் காலையில் போட்டால் நல்லதா, ராத்திரி படுக்கும்போது போட்டால் நல்லதா என்று பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் இதை விளக்கிச் சொன்னபோது, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் மாத்திரை டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துப் போட வேண்டியதுதானே என்றார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

என் அக்காவுக்குத் தைராய்டே கிடையாது. கட்டி வந்து, அறுவை செய்து முழுசாக எடுத்துவிட்டார்கள். தினமும் போடும் அந்த மாத்திரைதான் அவளுக்குச் சுரப்பி. செனாயில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அத்தான் போன பிறகு வீட்டை நிறுத்தியது அந்த வேன்தான். விடிவதற்கு முன்னால் எழுந்து, தாமான் குடியிருப்பு முழுக்கச் சுற்றி, தூங்கி வழியும் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் இறக்குவாள். பெற்றவர்களைவிட அக்காவின் ஹார்னுக்குத்தான் அந்தப் பிள்ளைகள் பயப்படும்.

போன வருடம் அவளுடைய ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அதிகம் என்று வந்தது. கிளினிக்கில் மாத்திரையைக் குறைத்தார்கள். அடுத்த முறையும் அதிகம். இன்னும் குறைத்தார்கள். ஆனால் அக்கா படபடப்பாக, மெலிந்து, வேர்த்துக்கொண்டா இருந்தாள்? முகம் உப்பி, குரல் கரகரத்து, ஜொகூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேன் தாமதமாக வருகிறது என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் முணுமுணுப்பு ஆரம்பித்தது.

"குளுருது தம்பி. கை கால்லாம் அப்படியே மந்தமா இருக்கு. வேன்ல ஏறி உக்காந்தா கண்ணு சொக்குது," என்றாள் ஒரு நாள்.

நான் உலகளாவிய நிபுணன் அல்லவா? உடம்பு ஆயிரம் சொல்லும், ரத்தம் பொய் சொல்லாது என்று கருத்தரங்குகளில் பேசுகிற அதே வசனத்தை அக்காவிடமும் எடுத்துவிட்டேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாள். கிளினிக்கிலும் அதே கேள்வி, அதே பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. முடி போய் வெகுகாலம் ஆகிறது. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நேரடி விற்பனைக் கம்பெனி ஒன்றில் உறுப்பினராகியிருக்கிறாளாம்.

"இதப் போட்டுப் பாருடா. உன் தலையப் பாத்தா எனக்கே கஷ்டமா இருக்கு. எனக்கு எவ்ளோ கொட்டிச்சு தெரியுமா? இப்ப நின்னுருச்சு."

போத்தலைத் திருப்பிப் படித்தேன். பயோட்டின். சாதாரணமாக ஒருவருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. சில பரிசோதனை இயந்திரங்கள் ரத்தத்தில் ஹார்மோனைப் பிடிப்பதற்கு இந்த பயோட்டினைத்தான் தூண்டிலாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே அது நிறைந்து கிடந்தால் இயந்திரம் குழம்பி, குறைவாக இருக்கும் ஹார்மோனை அதிகம் என்று காட்டும். இது எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

"இத ஏன் கிளினிக்ல சொல்லல?"

"மருந்து சாப்பிடுறீங்களான்னுதானே கேட்டாங்க. இது மருந்தா? சப்ளிமெண்ட் லா. சாப்பாடு மாதிரி."

நம் ஆட்களுக்கு மருந்து என்றால் ஆஸ்பத்திரி கொடுப்பது. பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே விற்பது மருந்தே இல்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் போனதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வது?

போத்தலை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஹார்மோன் அடிமட்டத்தில் கிடந்தது. மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். ஆனால் இந்த ஹார்மோனுக்கு அவசரமே கிடையாது. ரத்தத்தில் மெல்ல மெல்லத்தான் ஏறும். உடம்பு நிமிர வாரக்கணக்காகும். அதுவரை வேனை யாரிடமாவது கொடுத்து ஓட்டச் சொல் என்று கெஞ்சினேன்.

"குடுத்தா திரும்பி வருமா? பிள்ளைங்க அங்கேயே பழகிரும்," என்றாள். அதற்கு மேல் பேச விடவில்லை.

அந்த வாரம்தான் அதே சந்தேகத்தோடு என் ஆய்வில் இருந்த பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ராத்திரி மாத்திரை போடும் குழுவின் முடிவுகள் பிரமாதமாக வந்திருந்தன. அதைச் சொல்லிக்கொண்டு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகக் கோட்டுகூடத் தைத்துவிட்டேன். செனாய்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றதும் சந்தோஷமாகச் சொன்னாள்.

"உங்க அக்காகிட்டதான் சார் வாங்குறோம். எங்க லைன்ல நிறைய பேரு. டாக்டர் தம்பியே சொன்னாருன்னாங்களே."

அந்த லைனில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ராத்திரிக் குழுவில்தான் இருந்தார்கள். பிரமாதம் மாத்திரையுடையது அல்ல, போத்தலுடையது. அவர்களும் கிளினிக்கில் காட்டி மறுபடி ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தேன். என் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். ஆய்வு அலமாரிக்குப் போனது. கோட்டு இருக்கிறது, யார் கல்யாணத்துக்காவது போட்டுக்கொள்ளலாம்.

என் பெயரைச் சொல்லி விற்றதைப் பற்றி அக்காவிடம் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள் வாட்ஸ்அப்பில் அந்தக் காணொளி வந்துவிட்டது. சந்திப்பில் விளக்கு பச்சையாகி, பின்னால் கார்கள் கத்திக்கொண்டிருக்க, அக்காவின் வேன் அசையாமல் நிற்கிறது. எடுத்தவர் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டுகிறார். ஸ்டீரிங்கில் தலை வைத்துத் தூங்கும் அக்கா நிமிர்கிறாள். பின்னால் பிள்ளைகளின் முகங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெற்றோர் யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். ஒவ்வொருவராக வந்து, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டுக்காரர் பயப்படுகிறார், உடம்பு சரியானதும் பார்க்கலாம் என்றார்கள். ஒரு அம்மா பிஸ்கட் டின் வேறு கொடுத்துவிட்டுப் போனார். வாரம் முடிவதற்குள் வேன் காலி. அவர்களைக் குறை சொல்ல முடியாது; எனக்குப் பிள்ளை இருந்தால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. கேட்க நினைத்ததையும் கேட்கவில்லை.

இப்போது அவளுடைய ரத்தம் பாடப்புத்தகத்தில் அச்சடிக்கிற மாதிரி இருக்கிறது. முகம் வற்றிவிட்டது, ஸ்வெட்டரைக் காணோம். வேலைக்குப் போகும் வழியில் சில நாள் அங்கே நுழைந்து காப்பி குடிப்பேன். போன வாரம் போனபோது இன்னும் சரியாக விடியவில்லை. அக்கா குளித்து, தலை வாரி, மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பல்லாம் அலாரமே வேணாம். அஞ்சு மணிக்கு டான்னு முழிச்சிக்கிறேன். நல்லா வேலை செய்யுதுடா உன் மாத்திரை," என்றாள்.

எதிர்வீட்டு வாசலில் வேறொருவருடைய வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அக்கா திரும்பவில்லை. ரொட்டிக்கு மார்ஜரின் தடவி, தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றுக்குத் தடவ ஆரம்பித்தாள்.