கரண்ட் போகும் நாள்

ஓசூரில் நான் நடத்தும் பட்டறையில் ஐந்து பவர் பிரஸ் ஓடுகின்றன. தகட்டில் வாஷர் அடித்துப் பெரிய கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. எங்களுக்கு மாதம் ஒரே நாள்தான் விடுமுறை: பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் ஷட்டவுன் நாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. அறிவிப்பைப் பார்த்ததும் ஊரே சலித்துக்கொள்ளும். நான் மட்டும் காலண்டரில் வட்டம் போடுவேன்.

அன்றைக்கு என் கணவர் தன் கம்பெனியில் லீவு சொல்வார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வயிற்றுவலி என்று நான் லெட்டர் எழுதுவேன். "பாப்பாவுக்கு மாசாமாசம் சொல்லி வச்ச மாதிரி வயித்துவலி வருதே" என்று டீச்சர் ஒருமுறை கேட்டே விட்டார். அசடு வழிந்தேன், அடுத்த மாதமும் எழுதினேன். ஒரே வண்டியில் மூன்று பேரும் கிருஷ்ணகிரி டேமுக்குப் போய், பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுப் பூங்காவில் படுப்போம். படுத்தவுடன் நான் தூங்கிவிடுவேன். மகள் என் மூக்கில் புல்லை விட்டு எழுப்புவாள். அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் மிச்ச நாளெல்லாம் ஓடினேன்.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். போன வருடம் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரி, "கரண்ட் இல்லைங்கறதெல்லாம் ஒரு காரணமா மேடம்? ஜெனரேட்டர் வச்சிருக்கறவங்க வரிசையில நிக்கறாங்க" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பெங்களூரு பக்கம் தேடி ஒரு பழைய ஜெனரேட்டர் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். கெலமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா மட்டும் கேசரியை வாயில் வைக்காமல் கேட்டார்: "அப்ப கரண்டு போற அன்னிக்கும் வரணுமா மேடம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் விடுமுறை பறிபோனதற்கு நானே பூஜை போட்டிருக்கிறேன்.

வீட்டில் சொல்ல மனசு வரவில்லை. மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்து, வழக்கம்போல லெட்டரும் எழுதினேன். அந்த ஷட்டவுன் அன்று ஒன்பது மணிக்குப் பிரஸ்கள் நின்றன. திடீரென்று கரண்ட் போகும் நாட்களின் பழக்கதோஷத்தில் அக்கா கை கழுவப் போனார். ஜெனரேட்டர் உறுமியதும் திரும்பி வந்து உட்கார்ந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் போன் செய்தாள்.

"அம்மா, கரண்ட் போயிருச்சு! கெளம்பிட்டியா?"

"நம்ம பட்டறையில இன்னிக்குக் கரண்ட் இருக்குது பாப்பா" என்றேன். ஜெனரேட்டர் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைத்தால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும், அக்காவுக்கும் வேலை போகும். மதியம் கடந்தது, மாலையும் ஆனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது?

அதன்பிறகு நான் லெட்டர் எழுதவில்லை. கணவரும் லீவு கேட்பதை விட்டுவிட்டார்.

போன மாத ஷட்டவுன் அன்று ஜெனரேட்டர் கிளம்பவே இல்லை. எத்தனை முறை முயன்றும் இருமிவிட்டு நின்றது. எனக்குள் அப்படியொரு சந்தோஷம். எல்லோரையும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் பறந்தேன். கதவு பூட்டியிருந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். சரி, தூங்கவாவது தூங்கலாம் என்று படுத்தேன். உடம்பு கெஞ்சியது, கண் மூட மறுத்தது. நாளைக்குப் போக வேண்டிய லோடுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். என்னை யாரும் போடச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மெக்கானிக் கூப்பிட்டார். "ரெடி மேடம், வந்து ஓட்டிப் பாத்துக்குங்க." கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஆனாலும் எழுந்தேன்.

பள்ளி வேனிலிருந்து இறங்கிய மகள், வாசலில் என் வண்டியைப் பார்த்ததும் பையோடு ஓடி வந்தாள். "அம்மா, டேமுக்குப் போறமா?"

நான் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன்.