நடை டாக்டர்

கொட்டகைக் கதவைத் திறந்ததும் உள்ளே போகமாட்டார். வாசலிலேயே குந்தி, கண்ணைக் கோழிகளின் முட்டி மட்டத்துக்கு இறக்கிவிடுவார். ஐந்து நிமிடம் அவற்றின் நடையையே கவனிப்பார். பிறகு துள்ளி எழுந்து, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுவார். "அந்த மூலையில நிக்குதே, அது இப்படித்தான் நடக்குது. முட்டியில ஒண்ணுமில்ல, பாதத்துல புண்ணு!" கோழியைப் பிடித்துத் திருப்பினால், உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புண் நிச்சயம் இருக்கும்.

கறிக்கோழிப் பண்ணைகளைச் சுற்றிவரும் இந்தக் கால்நடை மருத்துவருக்கு வயது நாற்பத்தெட்டு. பண்ணையாட்கள் வைத்த பெயர் 'நடை டாக்டர்'. உற்சாகம் வந்துவிட்டால் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவார். வீட்டுக்காரருக்கோ தீராத குறை. "கல்யாணமாகி இருபது வருஷம் ஆச்சு. நான் மாடிப்படி இறங்கினா இன்னும் மூஞ்சியைப் பார்க்கமாட்டா, முட்டியைத்தான் பார்ப்பா."

போன மாதம் ஒரு பண்ணையில், பதினெட்டு நாள் வயதுக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டன. தொற்றுநோய் என்று பயந்த பண்ணைக்காரம்மா, மொத்தக் குஞ்சுகளையும் கொன்று கொட்டகையைக் காலி செய்ய ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

"மனசு கேக்கல டாக்டர். ஆனா பக்கத்துக் கொட்டகைக்கும் பரவிட்டா?"

டாக்டர் ஒரு குஞ்சின் அலகை விரலால் மெல்ல அழுத்தினார். ரப்பர் போல வளைந்தது. செத்துக்கிடந்த ஒன்றின் காலெலும்பை எடுத்து ஒடித்துப் பார்த்தார். 'டக்'கென்று முறிய வேண்டிய எலும்பு, ஒடியாமல் வளைந்துகொடுத்தது. அவ்வளவுதான், போட்டார் ஒரு கூச்சல்!

"பரவுற நோயே இல்லைங்க இது! எலும்பு இறுகவே இல்ல. வைட்டமின் டி... தீவனத்துல... உங்க தீவன மில்லுக்குப் போனைப் போடுங்க!"

மில்லில் முதலில் மழுப்பினார்கள். மூட்டை எண்ணைச் சொல்லிக் கிடுக்கிப்பிடி போட்டதும், அந்த முறை வைட்டமின் கலவை சேர்க்க விட்டுப்போனதை ஒப்புக்கொண்டார்கள்.

"ஒரு வாரம் குடுங்க. தேறலைன்னா நானே கூட நின்னு காலி பண்ணித் தர்றேன்."

தீவனம் மாறியது. குடிதண்ணீரில் வைட்டமின் கலந்தார். நடக்க முடியாதவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் வைத்தார். தினமும் காலையில் வந்து நின்றார். சில பிழைக்கவில்லை. மூன்றாம் நாள்வரை மற்றவையும் அசையவில்லை. பண்ணைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தயக்கமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை, உட்கார்ந்தே கிடந்த ஒரு குஞ்சு இறக்கையை ஊன்றியது. ஆடியது. எழுந்தது. ஓரடி, இன்னோரடி. அதன் பின்னால் இன்னொன்று. அங்கே நாலு. இங்கே பத்து!

"டாக்டர், பாருங்க, அது..." என்று பண்ணைக்காரம்மா வாயெடுத்தார்.

குஞ்சின் மேலிருந்து கண்ணை எடுக்காமலே, டாக்டர் கையை நீட்டி அந்த அம்மாளின் வாயைப் பொத்தினார்.