மே தினத்துப் பாதி ஷட்டர்

ஊருக்கே ஒரே நாளில் லீவு விட்டால், அந்த லீவில் நாம் போய் நிற்கிற கடைக்காரர்களுக்கு எப்போது லீவு? இந்தக் கேள்வி எனக்கு முதன்முதலில் உதித்தது வண்ணாரப்பேட்டையில், ஒரு துணிக்கடையின் ஷட்டரில் நெற்றி இடித்த நொடியில். அன்று மே முதல் தேதி. எனக்கு ஒன்பது வயது. ஷட்டர் மிகச் சரியாக என் நெற்றி உயரத்துக்கு இறங்கியிருந்தது.

அந்த ஷட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அரசு விடுமுறை நாட்களில் அந்தத் தெருக் கடைகள் திறக்கவும் திறக்காது, மூடவும் மூடாது. ஷட்டரை மார்பளவுக்கு இறக்கி வைத்திருப்பார்கள். தொழிலாளர் துறை அதிகாரி ஜீப் வந்தால் கடை மூடியிருக்கிறது. புடவை எடுக்க ஆள் வந்தால் திறந்திருக்கிறது. வாசலில் செக்யூரிட்டி ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "குனிஞ்சு போ, குனிஞ்சு போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் ஜனங்கள் கோயிலில்கூட அவ்வளவு பணிவாக நுழைந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கடையின் புடவைப் பிரிவில்தான் அத்தை வேலை பார்த்தாள். அப்பாவின் தங்கை, எங்கள் விம்கோ நகர் வீட்டில் எங்களோடு இருந்தவள். பகலெல்லாம் புடவை மடிக்கிற அதே விரல்களால் ராத்திரி கேரம் ஆடுவாள். ஸ்ட்ரைக்கரை அவள் சுண்டினால் காய் குழிக்குள் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். போன வழி தெரியாது. எங்கள் ஏரியாவில் மே தினத்துக்குக் கேரம் போட்டி நடக்கும். ஆண்களுக்குக் கப்பு, பெண்களுக்குக் குக்கர். அந்த வருடம் அத்தை போய்ச் சண்டை போட்டாள். "குக்கர் எங்க வூட்லயே கீது. கப்பு வெச்சா வரேன், இல்லன்னா நீங்களே ஆடிக்கோங்க." வைத்துவிட்டார்கள். சொம்பு உயரத்தில் ஒரு வெள்ளிநிறக் கப்பு. அத்தை முந்தின நாட்களிலேயே ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கும் வந்துவிட்டாள். ஆட்டம் நாலு மணிக்கு. நாலரைக்குள் வராவிட்டால் கப்பு எதிராளிக்கு.

மதியம் ரெண்டரைக்கு அம்மாவின் போனுக்கு அத்தை பேசினாள். "அண்ணி, வுட மாட்றாங்க. ரெண்டு மணிக்கு அனுப்பறேன்னாரு சூப்பர்வைசரு. இப்ப கூட்டம் கீது, முடிச்சிட்டுப் போன்றாரு."

அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். காலையில்தான் சங்கத் தலைவராகத் தொழிற்சாலை கேட்டில் கொடியேற்றி, எட்டு மணி நேர வேலையைப் பற்றித் தொண்டை கட்டப் பேசிவிட்டு வந்திருந்தார். சட்டையில் குத்திய சிவப்பு பேட்ஜைக் கழற்றாமலே பைக்கை எடுத்தார். அம்மாவும் கிளம்பினாள்.

"நீ எதுக்கு?"

"போறதுதான் போறோம், அப்டியே ஊர் கல்யாணத்துக்கு ஒரு பொடவ பாத்துர்றேன்" என்று சொல்லி, ஒரு கட்டைப்பையை அப்பாவின் கையில் திணித்தாள். நான் யாரும் கூப்பிடாமலே பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தால், உள்ளே திருவிழாக் கூட்டம். அதில் பாதிப் பேர் காலையில் கேட்டில் நின்று கைதட்டியவர்கள். அவர்கள் சட்டையிலும் அதே சிவப்பு பேட்ஜ். அப்பாவோடு ஒரே ஷிப்ட் பார்க்கிற தோஸ்து ஒருவர், தோளில் துண்டு போல ஒரு பட்டுப்புடவையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னா தலைவரே, நீயும் வந்துட்டியா? காட்டன் மேல மாடில கீது, ஷோக்கா கீது."

"நான் ஒண்ணும் வாங்க வர்ல. என் தங்கச்சிய கூட்டிகினு போவ வந்தேன்."

"அப்ப கையில இன்னா பை?"

அப்பா பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

சூப்பர்வைசர் ஒல்லியாக, பயந்தவர் போல இருந்தார். அப்பா கேட்டில் பேசுகிற குரலில் ஆரம்பித்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இவங்கள வெளிய போவச் சொல்லுங்க, இந்த நிமிஷமே இழுத்து மூடறேன். எம்பையன் பீச்சுக்குப் போலாம்னு காலைலேர்ந்து போன் மேல போன் போட்டுகினு கீறான்."

அப்பா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "தோழர்களே!" என்றார். தள்ளுபடி அறிவிக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரும் வேகமாக நெருங்கி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் முகங்கள் சுருங்கின. தோஸ்தின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாண்ணா பேசற? ஞாயித்துக்கெழமகூட இவருக்கு ஷிப்ட்டு. வருசத்துல கெடைக்கறது நாலு லீவு. இன்னிக்கி எடுக்காம கல்யாணத்தன்னிக்கி தாலி கட்டறப்ப வந்து எடுக்கறதா?"

நிர்வாகத்துக்குப் பதில் சொல்லியே பழகிய அப்பா, பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அந்த அம்மாள் சொன்னதும் நியாயம்தானே!

அப்போதுதான் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மாம்பழக்கலர் புடவையைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா திரும்பினாள். அவள் கத்திவாக்கத்து மீனவக் குடும்பம்.

"எங்கூர்ல ஒருத்தர் தவறிட்டா அன்னிக்கி ஒரு போட்டுகூட கடல்ல எறங்காது. ஊர்க் கட்டுப்பாடு. ஏன்னு கேளு. ஒருத்தன் எறங்கி மீனோட வந்தான்னு வெய்யி, கரையில நிக்கறவன் சொம்மா இருப்பானா? அடுத்த சாவுக்கு அவனும் எறங்குவான். அப்பால பாடியத் தூக்கறதுக்கு ஆள் இருக்காது. எல்லாரும் நின்னாத்தாம்மா அதுக்குப் பேரு லீவு."

சொல்லி முடித்ததும் தன் தோளிலிருந்த புடவையைத் தானே பார்த்து, மெதுவாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"சரி, இன்னா பண்ணணும்ன்ற?" என்றார் தோஸ்து.

பதில் சொன்னது அத்தை. மேசைக்குப் பின்னால் அவள் இடுப்பு வரைக்கும் புடவைக் குவியல். "விக்கறது பிரச்சன இல்லண்ணா. நீங்க விரிச்சுப் பாத்துட்டுப் போட்டது கீதே, இத்த மடிச்சு அடுக்காம எங்கள்ல எவளும் வெளிய போவ முடியாது."

அவ்வளவுதானே என்று சிவப்பு பேட்ஜ்காரர்கள் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு புடவை. எல்லோரும் லாரிக்கும் கிடங்குக்கும் தார்ப்பாய் மடித்துப் பழகியவர்கள். ரெண்டு பேர் எதிரெதிரே நின்று முனையைப் பிடித்து உதறி, தரையில் போட்டு, முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, சதுரமாக, கல் மாதிரி மடித்து அடுக்கினார்கள். பத்து நிமிடத்தில் குவியல் காணாமல் போனது. ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். விற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. புடவையை மடித்தால் பார்டரும் முந்தியும் வெளியே தெரிய வேண்டுமாம். இவர்கள் மடித்ததில் எல்லாம் உள்ளே போய், ஒவ்வொன்றும் கசங்கிய பொட்டலமாக இருந்தது. அத்தனையையும் மறுபடி பிரித்து, நீவி, மடிக்க வேண்டும். முன்னைவிட இரண்டு பங்கு வேலை. மணி மூன்றேமுக்கால்.

தோழர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து வெளியேறினார்கள். நானும் அவர்களோடு வெளியே வந்து, இந்த முறை ஞாபகமாகக் குனிந்து, வாசலில் அப்பா பக்கத்தில் நின்றேன். சூப்பர்வைசர் அப்பாவின் காதருகே வந்து, "உங்க சிஸ்டர மட்டும் கூட்டிகினு போங்க சார். மத்தவங்க இருக்கட்டும்" என்றார். அப்பாவின் முகம் கொடியேற்றியபோது மலர்ந்ததைவிட அதிகமாக மலர்ந்தது.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். செருப்பை மாட்டினாள். குனிந்தாள். தலையும் ஒரு காலும் தெருவுக்கு வந்துவிட்டன. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "ஜெயிச்சுகினு வாக்கா!"

அதில் கிண்டல் இல்லை, மனசாரச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, அத்தையின் மேசையில் கிடந்த குவியலை இரண்டு கையாலும் அணைத்துத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். அத்தை குனிந்தபடியே திரும்பிப் பார்த்தாள். வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ண்ணா, நீங்க போங்க. எல்லாரையும் வுட்டா வரேன்."

"லூசா நீ? கப்பு பூடும்."

"போவட்டும்."

நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அழுதேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே போய், ஒரு புடவையை எடுத்து உதறினாள்.

நாலரைக்குக் கப்பு மீஞ்சூரிலிருந்து வந்த ஓர் அக்காவுக்குப் போனது. "ஆடாம வந்த கப்ப எங்க கொண்டு வெக்கறது?" என்று கேட்டபடியே அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். அத்தை வீடு திரும்பும்போது பந்தலைப் பிரித்து முடித்திருந்தார்கள். நான் அவளோடு பேசவில்லை. அவள் பயந்துவிட்டாள், சூப்பர்வைசருக்கோ தோல்விக்கோ பயந்துவிட்டாள் என்று ரொம்ப நாள் உறுதியாக நம்பினேன். அம்மா கடையில் சொன்னதையும் அத்தை வாசலில் செய்ததையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. தனக்கு மட்டும் கிடைத்த லீவு அந்தப் பெண்ணின் மேசைக்குப் போய்ச் சேர்வதை அத்தை பார்த்துவிட்டாள். நான் கப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சட்டம் படிக்கிறேன். விடுமுறையில் கடை திறக்கலாமா என்று வகுப்பில் விவாதம் வந்தால் என்னை உட்கார வைக்க முடியாது. இஷ்டப்பட்டவர் வேலை செய்யட்டுமே என்பார்கள் நண்பர்கள். பொங்கலுக்கு முந்தின நாள், ரம்ஜானுக்கு முந்தின நாள் எல்லாம் தாராளமாகத் திறக்கட்டும், வேறொரு நாள் லீவு கொடுக்கட்டும், நானே போய் வாங்குகிறேன். வருடத்தில் மே தினம் போன்ற அந்த நாலைந்து நாள் மட்டும் எல்லாப் படகும் கரையில் நிற்கட்டும் என்கிறேன். சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. ஆனால் சட்டம் கடைக்காரரைத்தான் பார்க்கிறது. குனிந்து உள்ளே போகிறவரைப் பார்ப்பதில்லை.

அதனால் இந்த வருடம் கடை முதலாளிகளிடம் நான் போகப் போவதில்லை. அடுத்த வாரம், ஷிப்ட் மாறுகிற நேரத்தில், அப்பாவின் பழைய கேட்டுக்குப் போகிறேன். மே தினத்தில் கடைக்குப் போய் வாங்க மாட்டோம் என்று அங்கே தொழிலாளர்களிடம் வாக்குப் பெற வேண்டும். அதற்கும் முன்னால் தோஸ்தின் மனைவியைப் பார்க்க வேண்டும். ஞாயிறும் ஷிப்ட் பார்க்கிறவன் குடும்பத்தோடு கடைக்குப் போக நாள் எது என்று அவர் மறுபடி கேட்பார். அதற்கு அவர் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பதில் கிடைத்தால், ஊரே ஒப்புக்கொள்ளும். ஞாயிறு ஷிப்ட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்பதில் இருந்தே ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.