வெளியூர் ஆணி

இது நடந்ததுதான் கண்ணுகளா. உங்களைப் பயமுறுத்த இட்டுக்கட்டியது இல்லை. இட்டுக்கட்டுவதாக இருந்தால் முடிவையாவது கொஞ்சம் மாற்றியிருப்பேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளிப் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டுக்கும் ஒரே சமையல்கூடம், ஒரே பந்தி. கூடத்துச் சுவரில் ஒரு பலகை. அதில் வீட்டுக்கு ஓர் ஆணி, ஆளுக்கொரு மர டோக்கன், பெயர் எழுதித் தொங்கும். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் டோக்கனைக் கடைசி ஆணிக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். வெளியூர் ஆணி என்பார்கள். அதைப் பார்த்துத்தான் உலையில் அரிசி விழும். ஆளைத் தேடுவதா வேண்டாமா என்பதும் அதைப் பார்த்துத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சமையல் முறை நர்மதாவுக்கு. மாலை 6.10. காய் நறுக்க வர வேண்டிய பத்தாம் வீட்டு ஹேமலதாவைக் காணோம். தனியாக இருப்பவள். கதவு பூட்டியிருந்தது. போன் அணைந்திருந்தது.

"மீன்சுருட்டிக்குப் போயிருப்பா. அம்மா வூட்டுக்குப் போனா போனை அமத்திடுவாளே," என்றார் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ராஜவேல். "அம்மா கையால தின்னாத்தான் அவளுக்கு எறங்கும். நம்ம சாம்பாரு எம்மாத்திரம்."

நர்மதா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஹேமலதாவின் டோக்கனை எடுத்து வெளியூர் ஆணியில் மாட்டினாள். அரிசியில் ஒரு கைப்பிடி குறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 5.40. நர்மதாவின் மகள் மேகலாவைக் காணவில்லை. ஆறு வயது. அங்கே பிள்ளைகள் எந்த வீட்டிலும் விளையாடுவார்கள், எந்த வீட்டிலும் தூங்குவார்கள். அதனால் முதலில் யாரும் பதறவில்லை.

5.55. பன்னிரண்டு வீட்டிலும் இல்லை. நர்மதா கூடத்துக்கு ஓடினாள்.

"பாப்பாவைப் பாத்தீங்களா?"

"ஊருக்கு அனுப்பிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்." ராஜவேல் பலகையைக் காட்டினார். "அங்க மாட்டியிருக்கே."

வெளியூர் ஆணி. ஹேமலதாவின் டோக்கனுக்கு மேல்... மேகலாவின் டோக்கன்.

"யாரு மாட்டுனா?"

"நீங்கதான்னு..."

அந்த ஆணி மேகலாவுக்கு எட்டாது. நர்மதா டோக்கனைத் தொட்டாள். ஈரம். விரலில் வெள்ளைச் சேறு ஒட்டியது.

வீடுகளுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், ஒரு பள்ளம் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்டது. அடியில் தண்ணீர் நிற்கும். அந்தச் சேறு அங்கே மட்டும்தான்.

ஓடினாள். செருப்பு கழன்றது. நிற்கவில்லை. "என் உசுர எடுத்துக்க... எம் புள்ளைய விட்டுடு..." யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

6.08.

விளிம்பில் மேகலா குப்புறக் கிடந்தாள். வலது கை பள்ளத்துக்குள் தொங்கியது. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

நர்மதா இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வரவில்லை.

கீழேயிருந்து யாரோ பிடித்திருந்தார்கள்.

மறுபடி இழுத்தாள்.

விட்டது.

"ஹேமா அத்தை... கையைப் புடிச்சிக்கன்னாங்க. நீ வர்ற வரைக்கும் விடக் கூடாதாம்."

பிள்ளையின் மணிக்கட்டில் ஐந்து விரல் தடம். வெள்ளையாக.

நர்மதா எட்டிப் பார்த்தாள்.

இருபதடிக்குக் கீழே, தண்ணீர் ஓரத்துக் கல்லில், ஹேமலதா கிடந்தாள். அசைவில்லை. ஒரு கை மட்டும் மேலே நீண்டபடி விறைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வழுக்கி விழுந்திருக்கிறாள். கால் முறிந்திருந்தது. வேறு பெரிய அடி இல்லை. உடலைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "உயிர் போனது ஞாயித்துக்கெழம விடிகாலை. வெள்ளிக்கெழமயே தேடியிருந்தா பொழச்சிருப்பாங்கம்மா."

பலகையைக் கழற்றி எரித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் நர்மதா வாசல் வாசலாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அரிசி போடுகிறாள். பூட்டிக் கிடக்கிற பத்தாம் வீட்டு வாசலிலும் கூப்பிடுகிறாள்.

அங்கே மட்டும் பதிலுக்கு நிற்பதில்லை கண்ணுகளா.

வந்துவிடுமோ என்று பயம்.