நாற்பதாம் நம்பர் நெட்வொர்க்

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் எல்லோரும் வயர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர், போன் இணைப்பெல்லாம் அவர் பொறுப்பு. அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அதே அலுவலகத்தில் நான் டெலிபோன் ஆபரேட்டர். பத்திரப் பதிவு நடக்கும் ஐந்து மாடிக் கட்டடம், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பழைய கட்டடம். வீட்டிலும் அவர் முகம், வேலையிலும் அவர் முகம். பதினெட்டு வருஷம். என் பொறுமைக்கு யாராவது ஒரு மெடல் தரலாம்.

மனிதர் கெட்டவர் இல்லை. யாரிடமும் கை நீட்டாதவர், குரல் உயர்த்தாதவர். ஆனால் எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார், எழுதித்தான் கேட்பார். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பாடு ஆச்சா?" என்று எனக்கு மெசேஜ் அனுப்புகிற ஜென்மம் அது. அலுவலகத்திலும் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் மெயில். பதில் வராவிட்டால் அந்த ஆளே உலகத்தில் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

அந்த மாதம் புது சுவிட்ச் வந்தது, கம்ப்யூட்டர்களையும் போன்களையும் ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி. அவர் என் மண்டையில் ஏற்றிய அளவுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு பிரிவின் கம்ப்யூட்டரும் போனும் சேர்ந்து ஒரு நெட்வொர்க். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் சுவிட்சுக்குள் ஒரு வாசல் உண்டாக்கி, அதற்கு ஒரு ஐபி முகவரி கொடுக்க வேண்டும். பழைய கட்டடத்து நெட்வொர்க்குகள் பழைய சுவிட்சிலேயே இருக்கும். அங்கே போகும் வழியை மட்டும் புதியதில் ஒவ்வொரு வரியாக எழுத வேண்டும். வழி எழுதாத இடத்துக்கு ஏதாவது போனால், சுவிட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

"உங்கள் நெட்வொர்க் எது?" என்று எல்லாப் பிரிவுக்கும் மெயில் போட்டார். எல்லோரும் பதில் அனுப்பினார்கள். பழைய கட்டடத்து நாற்பதாம் நம்பரை மட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. இந்த மாதிரி அநாதைகளுக்கு அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சேர்க்காமல் விட்டுவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. யாராவது கத்தினால் சேர்ப்பது. ஒருவரும் கத்தவில்லை என்றால் தொல்லை விட்டது என்று அடுத்த வேலைக்குப் போவது. வியாழக்கிழமை மதியம் புது சுவிட்சை ஓட விட்டார். சாயங்காலம் வரை யாரும் கத்தவில்லை. மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாட்டெல்லாம் முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போதே வாட்ச்மேன் வழிமறித்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ராத்திரி ஒரு பொம்பள போன் பண்ணுச்சுக்கா. ஹலோ ஹலோன்னு அழுகுது. நான் எவ்வளவு பேசினாலும் காதுலயே வாங்கல. மூணு தடவ. நாலாவது தடவ வயரையே புடுங்கிப் போட்டுட்டேன்."

"ஏதாவது போட்டுட்டுப் படுத்தியா?"

"சத்தியமா இல்லக்கா. வெளியிலேர்ந்து வந்த போன் இல்ல அது. உள்ள இருந்து வந்துச்சு. ஆறு மணிக்கே நான்தானே எல்லாக் கதவையும் பூட்டினேன்?"

சிரித்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது பத்துக்கு என் போர்டில் விளக்கு எரிந்தது. நானூற்றுப் பதினேழு. என் பட்டியலில் அப்படி ஒரு எண்ணே இல்லை. எடுத்தேன்.

மூச்சு கேட்டது. பிறகு தொண்டை கட்டிய ஒரு பெண் குரல். "ஹலோ. யாராவது இருக்கீங்களா?"

"சொல்லுங்க, ஆபரேட்டர் பேசறேன்."

"ஹலோ."

"கேக்குதுங்க, சொல்லுங்க! நீங்க யாரு?"

"ஹலோ," என்றது அந்தக் குரல், நான் ஒரு வார்த்தையும் பேசாதது போல. பிறகு மிக மெதுவாக வைத்துவிட்டது.

சும்மா இருக்க முடியாமல் நானே அந்த எண்ணுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தது. "ஹலோ? ஹலோ?" என்று அத்தனை ஆசையாகக் கேட்டது. நான் கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தது. அழுகையின் நடுவே, "தண்ணி," என்று ஒரே ஒரு தடவை சொன்னது.

பேய் தண்ணீர் கேட்குமா? போர்டை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சுவிட்ச் அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிர் எலும்பு வரைக்கும் போகும். நூற்றுக்கணக்கான பச்சை விளக்குகள் எதற்கென்று தெரியாமல் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இவர்.

"ஏங்க, நானூத்திப் பதினேழு எங்க இருக்கு?"

"அப்படி ஒரு நம்பரே இல்லையே."

"இல்லாத நம்பர்லேர்ந்து ஒரு பொம்பள அழறா! அவ பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறது அவளுக்குக் கேக்கல. நீங்க நேத்து என்னத்த நோண்டினீங்க?"

வழக்கமாக இந்த இடத்தில், "மெயில் போடு, பாக்கறேன்," என்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. நான் சொன்னதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அங்கேயிருந்து வருது, இங்கேயிருந்து போகலை. கை தட்டச்சுப் பலகைக்குப் போனது. திரையில் ஏதோ ஒரு கணக்கு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாப்பதுக்குப் போக வேண்டியது எல்லாம் கீழ விழுந்திருக்கு," என்றார். "எட்டாயிரத்துச் சொச்சம்."

"என்னது எட்டாயிரம்?"

"உன் பேச்சு. மணி அடிக்கிறது பழைய சுவிட்ச் வழியாப் போயிடும், பேச்சு மட்டும் இது வழியாத் துண்டு துண்டாப் போகும். வாட்ச்மேன் ராத்திரி பேசினதும் இதுல இருக்கு."

நான் கத்தியதெல்லாம் இந்த இரும்புப் பெட்டிக்குள் விழுந்து கிடக்கிறது, அங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள். "பாத்துட்டே நிக்காதீங்க, வழிய எழுதுங்க!" என்று அவர் முதுகில் அடித்தேன். பதினெட்டு வருஷத்தில் அவரை நான் அடித்தது அன்று ஒரு தடவைதான்.

ஒரே ஒரு வரி. அதை எழுத அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதி முடித்ததும் அந்த அறையில் இருந்த போனிலிருந்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. எடுத்தார்கள். இந்தத் தடவை ஹலோகூட இல்லை, மூச்சு மட்டும்தான்.

"அம்மா, கேக்குதா? எங்க இருக்கீங்க?"

ரிசீவர் எதிலோ உரசியது. பிறகு, "ஃபைல் ரூம்," என்றது.

கோப்பறை அக்கா! பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் முப்பது வருஷமாகப் பத்திரங்களைக் காத்துக்கொண்டிருக்கும் தனி மனுஷி. அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, பிறகு மெயில் எப்படிப் போகும்? ஃபைல் வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவோம். அங்கே ஒரு போன் இருப்பதே எனக்குத் தெரியாது. வெள்ளியிலிருந்து மூன்று நாள் லீவு சொல்லியிருந்தாள். தனியாக வாழ்கிறவள், யார் தேடப்போகிறார்கள்?

இவர் படிகளில் இறங்கவில்லை, விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரும்புக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று ஒரு மாதமாயிற்றாம். ஒரு கட்டு ஃபைலை முட்டுக்கொடுத்துத்தான் கதவைத் திறந்து வைப்பாளாம். நேற்றுச் சாயங்காலம் அது சரிந்து, கதவு சாத்திக்கொண்டதாம். வாட்ச்மேன் வந்து திறந்தான். ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீரை வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"ஏன்க்கா, எங்க இருக்கேன்னு ராத்திரியே சொல்லியிருக்கலாமே?" என்றான் வாட்ச்மேன், அழுதுகொண்டே.

"யார்கிட்டச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் எடுக்கறாங்க, யாரும் ஒண்ணும் பேசல." அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "அப்புறம் எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் செத்துட்டேன். அதான் என் சத்தம் யாருக்கும் கேக்கலைன்னு."

இவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் அவருடைய ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"நெசமா?"

"கேக்குதுக்கா. நல்லா கேக்குது."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்து பதில் சொன்னார்.