ஒன்பது கோயில் கிறிஸ்துநாயகம்

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் கிறிஸ்துநாயகம் அண்ணையிடம் யாரும் ஜேர்மனியைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவார். லண்டனுக்கு வருமுன் அகதியாக அவர் இருந்த ஊர் நொயின்கிர்ஷன்.

"நொயின் எண்டால் ஒன்பது. கிர்ஷ எண்டால் கோயில். ஒரு ஊருக்கு ஒன்பது கோயில்! எல்லாத்திலையும் நான் பூசைக்கு உதவி செய்தனான்."

எங்களில் ஒருவருக்கும் ஜேர்மன் மொழி தெரியாது. வாயைப் பிளந்து கேட்டோம். கதை வளர்ந்து வளர்ந்து, ஒன்பது கோயிலிலும் பாடகர் குழுவை நடத்தியவரே இவர்தான் என்ற இடத்துக்கு வந்து நின்றது. பாப்பரசர் வந்து கைகுலுக்கியது மட்டும்தான் பாக்கி.

இவ்வளவு புளுகும் ஒரு கதிரைக்காக. எங்கள் கோயில் பங்கின் மாதா திருநாள் குழுவுக்கு அவர் தலைவராக வேண்டும். கொடியேற்றும்போது சுவாமியாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கென்றே புதுக் கோட்டும் வாங்கிவிட்டார். போட்டிக்கு ஆளில்லை, நாங்கள் கை தூக்கினால் சரி.

தெரிவு நாளன்று பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூடினோம். அண்ணை எழுந்து ஒன்பது கோயிலில் தொடங்கினார். பின்வரிசையில் றஜீனா துள்ளி எழுந்தாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, கலியாணமாகி, போன மாதம்தான் எங்கள் பங்குக்கு வந்தவள்.

"அங்கிள், நானும் அங்கைதான்! ஆனால் அந்த 'நொயின்' ஒன்பது இல்லை. பழைய ஜேர்மனிலை 'புது' எண்ட சொல்லு. புதுசா ஒரு கோயில் கட்ட, அதைச் சுத்தி ஊர் வந்தது. எங்கடை ஆக்கள் கோயிலடி எண்டு சொல்லுவினமே, அது மாதிரி. புதுக்கோயிலடி."

அண்ணை அசரவில்லை.

"நீர் சின்னப்பிள்ளை. நான் இருக்கேக்கை ஒன்பது இருந்தது. பிறகு இடிச்சுப்போட்டாங்கள்."

இடித்தார்களாம்! ஊருக்கே தெரியாமல்!

"அப்ப நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?" ஊர்க்காரரைக் கண்ட சந்தோசத்தில்தான் கேட்டாள், பாவி.

அண்ணை முகட்டைப் பார்த்தார். அங்கே கோயில் பெயராகச் சொல்ல ஒரு புனிதரின் பெயரும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி இம்மாகுலேற்றுக்குப் பொறுக்கவில்லை.

"இவர் ஒண்டுக்கும் போகேல்லை, பிள்ளை. ஞாயிறு எண்டால் பீட்சாக்கடையிலை கோப்பை கழுவினவர். அதைச் சொல்ல என்ன வெக்கம்?"

மண்டபம் சிரித்தது. அங்கிருந்த ஆண்களில் பாதிப்பேர் கோப்பை கழுவித்தான் லண்டனில் தலையெடுத்தவர்கள். மனிசன் அதையே முதலில் சொல்லியிருந்தால் நானும் இரண்டு கையைத் தூக்கியிருப்பேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சுவாமியார் இருமிவிட்டு, "ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ" என்றார்.

ஒரு கை உயர்ந்தது. புதுக் கோட்டின் கை. இம்மாகுலேற் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.