மருத்துவச்சியின் நாற்பத்தொரு நோட்டுகள்

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருடமாக ஊரின் பழைய பகுதியில் தெருத் தெருவாக நடந்து, வாசல் ஓரத்து இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "மீட்டர் வந்தாச்சு" என்பார்கள். போகப்போக அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத அளவுக்கு ஆகிவிட்டார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இருதயக் கோளாறு இருந்திருக்கா?"

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். தாத்தா ஆலை விபத்தில் போனவர். அதற்கு மேலே யார் எப்படிப் போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. வார்த்தையைக்கூட அளந்து அறுத்துத்தான் போடுவார். "தாத்தாவோட அம்மாவா? அவ ஊர்சுத்தி. பிள்ளைங்களப் போட்டுட்டு எங்கயாவது போயிடுவாளாம். என் அத்தை, ஆறு வயசுப் பொண்ணு, காய்ச்சல்ல கிடந்து செத்தப்பகூட வீட்டுல இல்ல. அதுக்கப்புறம் உங்க தாத்தா சாகிற வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்ப எதுக்கு அவ கதை?"

"டாக்டர் கேட்டாருப்பா."

"அவளுக்கு இருதயமே இல்லன்னு போய்ச் சொல்லு."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்க முடியாத கை அவருடையது. அடுத்த சனிக்கிழமை மாவட்ட ஆவணக் காப்பகத்தின் படியேறினார். மூன்று மாடி. நின்று நின்று ஏறினார்.

பக்கங்கள் பறக்கக் கூடாது என்பதால் அங்கே மின்விசிறி கிடையாது. பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். காப்பாளர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினா எழுப்பி அனுப்பிடுவேன்" என்றார். மீட்டர்காரர் ஒன்பது சனிக்கிழமை எச்சில் தொடாமல் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டினார். மனைவி மட்டும் வீட்டில் அலுத்துக்கொண்டாள். "உயிரோட இருக்கிறவங்க போன் பண்ணா எடுக்கிறதில்ல. செத்தவங்களத் தேடி மட்டும் குளிச்சுக் கிளம்பிடுறீங்க."

பத்தாவது சனிக்கிழமை கொள்ளுப்பாட்டி கிடைத்தாள். பெயர், வயது அறுபத்தொன்று, காரணம் நிமோனியா. அடுத்த கட்டத்தில் தொழில்: மருத்துவச்சி.

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு காப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அம்மா பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு ஆள் தகரப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான்.

"பழைய பிரசவ ஆஸ்பத்திரிய இடிச்சப்ப வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து யாரும் கேட்கல. இந்தப் பேரு எனக்கு நல்லாத் தெரியும். எவ்வளவோ நாள் எடுத்து வச்சுப் படிச்சிருக்கேன்."

உள்ளே நாற்பத்தொரு நோட்டுகள். வீடு வீடாகப் போய் அவள் பார்த்த பிரசவங்கள், முப்பத்து மூன்று வருடத்துக்கு. தேதி, நேரம், தெரு, தாயின் பெயர், வயது, எத்தனையாவது பிள்ளை, ஆணா பெண்ணா, எடை. ஓரத்தில் குறிப்பு. சின்னச் சின்ன எழுத்து, ஒன்றுகூடச் சாயவில்லை. "கால் முதலில் வந்தது. இருவரும் நலம்." "விளக்கில் எண்ணெய் இல்லை. கையால் பார்த்தேன்." "தகப்பன் மயங்கி விழுந்தான். அவனையும் கவனிக்க வேண்டியதாயிற்று." "தாய் பாடிக்கொண்டே பெற்றாள்."

கடைசி நோட்டின் கடைசி வரிசையில் எண் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு. மீட்டர்காரருக்கு எண்கள் பழக்கம்தான். ஆனால் இந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, சரிதானா என்று மறுபடி நோட்டைப் பார்த்தார். ஒரு சின்ன ஊரே அவள் கைவழியாக இந்த உலகத்துக்குள் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனார். ஆனால் தெரு வழக்கம்போல இல்லை. பாதி வீடுகள் நோட்டில் இருந்தன. மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே வள்ளென்று விழுகிற தையல்காரர் அன்றும் விழுந்தார். அவருடைய அம்மா மூச்சில்லாமல் பிறந்து, கால் மணி நேரம் வாயோடு வாய் வைத்து ஊதிய பிறகு அழுதவள். அந்த அழுகை வராமல் போயிருந்தால் இந்தக் கத்தலும் இல்லை. மீட்டர்காரர் கையில் மூடியோடு அப்படியே நின்று, அந்த மனிதரைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, பேய் கீய் பிடிச்சுடுச்சா?"

"இல்லீங்க. நல்லாயிருங்க."

அடுத்த சனிக்கிழமை, காய்ச்சலில் போன அந்த ஆறு வயதுச் சிறுமி இறந்த தேதியையும் இறப்புப் பதிவேட்டில் கண்டுபிடித்தார். அதே தேதி நோட்டில்: "ஆற்றுக்கு அக்கரை. மூன்றாம் நாள். இரட்டை. மூவரும் நலம். வெள்ளம், படகு இல்லை." அதற்குக் கீழே நாற்பது நாள் ஒன்றும் இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அப்படி ஓர் இடைவெளி வேறெங்கும் இல்லை.

நாற்பத்தோராம் நாள் மறுபடி அதே எழுத்து. செத்த மகளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் கையால் கோடு கிழித்துப் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தாள். அதன் தலைப்பு: "வீட்டில் வேறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் உண்டா?" அன்றிலிருந்து கடைசி நோட்டு வரை, போன வீட்டிலெல்லாம் கேட்டு எழுதியிருந்தாள். இல்லை. இல்லை. உண்டு, மறுநாளும் போனேன். உண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். இல்லை. இல்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே போய் நடைபாதைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார்.

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அறுத்துப் போட்டுவிடுவார் என்று தெரியும். "ஒரு இடத்துக்கு வாங்கப்பா" என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனார். எண்பத்து மூன்று வயதுக்காரர் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார். மகன்தான் நின்று நின்று போனார். அக்கரை இரட்டையைக் காட்டினார். வெற்று இடத்தைக் காட்டினார். காய்ச்சல் பத்தியைக் காட்டினார். அப்பா ஒவ்வொரு பக்கமாகத் தானே திருப்ப ஆரம்பித்தார். லேத்தில் நூலளவு பார்த்துப் பழகிய விரல். தாள் சத்தம் போடவில்லை.

முப்பத்தெட்டாவது நோட்டில் அந்த விரல் நின்றது. அப்பாவின் பிறந்த தேதி. அவர்கள் தெரு. ஆண். குறிப்பு: "என் மகனின் மகன். உரத்த அழுகை. மகன் வாசலில் நின்றான். பேசவில்லை. குழந்தையை அவன் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்."

அப்பா அந்த வரியின் மேல் விரலை ஒருமுறை ஓட்டினார். பிறகு, "அவதான் என்னை எடுத்தான்னு எனக்கு யாரும் சொல்லலையேடா" என்றார்.

"தாத்தா சொல்லலையா?"

"அவர் எதத்தான் சொன்னார்." மறுபடி அந்த வரியையே பார்த்தார். "பாவம், ரெண்டு பேரும்."

கிளம்பும்போது அப்பா காப்பாளரிடம் போனார். "அம்மா, நாளைக்குத் திறந்திருக்குமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஐயா."

"அப்ப திங்கக்கிழமை வரேன். மொதல் நோட்டுலேருந்து எடுத்து வைங்க."

அப்பாவும் மகனுமாக ஒன்றரை வருடத்தில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பிறப்புகளையும் தெருவாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டு முடித்தார்கள். செய்தி பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முன்னறையில் ஒரு நாற்காலியை அப்பாவுக்கென்றே காப்பாளர் ஒதுக்கிவிட்டார். போன மாதம் லாரி ஓட்டுகிற ஒரு பெண் வந்து, தன் அம்மாவின் அப்பாவைக் கேட்டாள். அவரைப் பற்றி வீட்டில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லையாம்.

அப்பா பதினைந்தாவது நோட்டை எடுத்து, மரக்கட்டையில் சாய்த்து வைத்து, விரலால் தேடிக் கண்டுபிடித்துப் படித்தார். "விடியும் நேரம். ஆண். ஏழு பவுண்டு. வெளியே மழை. கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தான்."

அந்தப் பெண் நாற்காலியை நோட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னொரு தடவ படிங்க, ஐயா" என்றாள்.

அப்பா முதலிலிருந்து படித்தார்.